பிறந்த நாளுக்குத் திரும்பும் பெட்டி

அசுவென்டியாவில் தலைவர் இறந்துவிட்டார் என்று எவரும் சொல்வதில்லை. தலைவரை நானா என்றுதான் அழைப்பார்கள்; நானா ஊருக்குப் போயிருக்கிறார் என்பார்கள். பெருமரம் சாய்ந்துவிட்டது என்பார்கள். அதையும் வாய் இருப்பவர் எல்லாம் சொல்லிவிட முடியாது. முதலில் சொல்லும் உரிமை ஒரே ஒரு வீட்டுக்குத்தான் உண்டு. அதுவும் அரசகுலத்துப் பெரியவர்கள் கூடி, இனிச் சொல்லலாம் என்று தலையசைத்த பிறகு. உயிரோடு இருக்கும் தலைவரின் சாவை வாயால் உச்சரிப்பது அவருக்குக் குழி வெட்டுவதற்குச் சமம். அந்தக் காலத்தில் அப்படி உச்சரித்தவன் கழுத்துக்குக் கத்தி வந்தது. இப்போது கத்தி இல்லை. ஆனால் அவன் வீட்டு வாசலை அதன்பிறகு யாரும் மிதிக்க மாட்டார்கள். அந்த வீட்டில் யாரும் பெண் எடுக்கவும் மாட்டார்கள்.

அந்த உரிமை பெற்ற வீடு பெடியாகோவினுடையது. தலைவர் பேசினால் அவர் சொல் நேராகச் சபைக்குப் போகாது. பக்கத்தில் தங்கப் பூணிட்ட கோலைப் பிடித்து நிற்கும் ஒச்சியாமேயின் காதில் மெல்ல விழும். ஒச்சியாமே அதை ஊருக்குக் கேட்கும்படி எடுத்துச் சொல்வார். தாய்மாமனிடமிருந்து மருமகனுக்கு என்று அந்தக் கோல் கைமாறி வந்தது. பெடியாகோ அதைப் பிடித்த ஐந்தாவது ஆள். நிமிர்ந்த முதுகு, எண்ணெய் பூசிய தலை, வலது தோளைத் திறந்துவிட்டு இடது தோளில் வழியும் கனத்த துணி. தெருவில் அவர் நடந்தால் நாய்கூட ஒதுங்கும் என்று ஊர்ப் பெண்கள் கேலி செய்வார்கள். அவர் காதில் விழாமல்தான்.

ஊர் வானொலி நிலையமும் அந்த வீட்டுடையதே. முன்பு மணி அடித்துத் தெருத்தெருவாகச் சொன்னதை இப்போது வானொலிக் கோபுரம் சொல்கிறது, சொல்லும் வேலை எங்கள் வீட்டைவிட்டுப் போகக் கூடாது என்று பெடியாகோ தன் கொக்கோத் தோட்டத்தில் ஒரு பாதியை விற்று அதை நிறுவினார். நிலையத்தைக் கட்டி ஆள்பவள் அவருடைய அக்காள் மகள் ஃபோசுவா. குமாசி நகரத்தில் படித்தவள். சிரித்தால் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும்.

நிலையத்தின் உயிர் ஒரு பழைய கம்ப்யூட்டர். கப்பலில் வந்த பழைய சாமான்களோடு டெமா துறைமுகத்தில் இறங்கி, குமாசிச் சந்தையில் தூசி தின்றுகொண்டிருந்ததை ஃபோசுவா வாங்கி வந்தாள். அது வந்து இறங்கிய நாளில் பெடியாகோ மூக்கைச் சுளித்தார்.

"எவனோ பாடையில ஏத்துனதைக் கொண்டாந்து நம்ம வீட்டு வாசல்ல எறக்கியிருக்கே."

"பாடையிலருந்து எறங்கி வந்தது மாமா. ரெண்டும் வேற வேற," என்றாள் ஃபோசுவா. "ஹாலந்துல ஒரு ஆபீஸ்காரன் செத்துப்போச்சுன்னு தூக்கிப் போட்டுட்டான். அவன் போட்டிருந்த சிஸ்டம் அவ்ளோ தீனி கேக்குது, இந்தக் கெழம் எங்க போகும்? நான் அத வழிச்சு எறிஞ்சிட்டு எடையில்லாத லினக்ஸ் ஒன்னு போட்டிருக்கேன். ஒரு பென் டிரைவுக்குள்ள அடங்கிடும். ஒரு வாய்க் கஞ்சி போதும் அதுக்கு. எப்படி ஓடுது பாருங்க."

உண்மையில் ஓடியது. காலை வணக்கம், பாட்டு, சந்தை விலை, சாவுச் செய்தி, தொலைந்த ஆடு, எல்லாவற்றையும் நாளும் மணியும் குறித்து உள்ளே போட்டுவிட்டால் அதுவே நேரம் பார்த்து ஒலிபரப்பியது. அறிவிப்பாளன் குசிக்குக் கால்பந்து பேச வேண்டிய வேலை மட்டும்தான். பெடியாகோவுக்கே அதன் மேல் ஒரு மதிப்பு வந்துவிட்டது. கொடுத்த சொல்லைக் கொடுத்த நேரத்தில், ஒன்று கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறது. தன் வீட்டுப் புத்தி இதற்கும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

போன மழைக்காலத்தில் நானா அம்பொன்சா நோயில் விழுந்தார். குமாசி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். வயிற்றைக் கிழித்தார்கள் என்றார்கள், மூக்கில் குழாய் என்றார்கள். அதற்குச் சில நாள் முன்புதான் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள ஊரின் தலைவர் 'ஊருக்குப் போயிருந்தார்'. அந்த ஊர் வானொலியில் எவனோ ஒரு பயல், சோப்பு விளம்பரத்துக்கும் கால்பந்துக்கும் நடுவே, 'தலைவர் செத்துட்டார்' என்று வெட்டிப் போட்டான். பட்டப் பெயர்களை மாற்றிச் சொன்னான். இரண்டு முன்னோர்களை விட்டேவிட்டான். சந்தையில் அந்த ஊர்க்காரர்கள் இன்னமும் தலை தூக்கி நடப்பதில்லை.

என் நானாவுக்கு அப்படி நேராது என்று பெடியாகோ முடிவு செய்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் தேவாலயத்துக்குப் போன நேரத்தில், நிலையத்துக்குள் நுழைந்து கதவைத் தாழிட்டார். தெய்வத்துக்கு மது வார்க்கும் வேண்டுதலை ஒவ்வொரு வாரமும் அவரே பதிவு செய்வார். அதற்காக ஃபோசுவா அவருக்குப் பெட்டியைக் கையாளக் கற்றுக் கொடுத்திருந்தாள். ஒலிவாங்கியின் முன் நிமிர்ந்து உட்கார்ந்தார். சாவுச் செய்தி முரசை முன்னால் சேர்த்து, பெருமரம் சாய்ந்தது என்று தொடங்கினார். நானாவின் பட்டங்களை, அவருடைய முன்னோரை, அவர் வென்ற வழக்குகளை, அவர் வெட்டிய கிணறுகளை வரிசை தப்பாமல் சொல்லி முடித்தார். முடித்தபோது அவர் கன்னம் நனைந்திருந்தது. தன் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக அவர் பேசியதில்லை.

அதற்கு 'மழை' என்று பெயர் வைத்தார். யாருக்கும் சந்தேகம் வராத பெயர். ஆனால் பெட்டி அதை உள்ளே எடுத்துக்கொள்ள நாள் கேட்டது. நாள் இல்லாமல் எதையும் வைத்துக்கொள்ள மாட்டேன் என்றது. வரப்போகும் நாள் எதையும் போட அவர் துணியவில்லை. அது நானாவுக்குக் கெடு வைத்த மாதிரி. கொஞ்சம் யோசித்தார். கடந்துபோன ஒரு நாளைக் கொடுத்துவிட்டால்? போன நாள் திரும்பி வரப்போவதில்லை. வேளை வரும்போது மாற்றிக்கொள்ளலாம். ஆண்டுகளின் பட்டியலை அடிவரைக்கும் இழுத்துப் போய், இருப்பதிலேயே பழைய ஆண்டைத் தொட்டார். இரண்டாயிரத்து எட்டு. எவ்வளவு பழசோ அவ்வளவு பத்திரம். ஜனவரி. கோல் பிடித்த ஐந்தாவது ஆள் என்பதால் ஐந்தாம் தேதி. நேரம் நண்பகல், ஏனென்றால் சாவுச் செய்திக்குரிய நேரம் அதுதான். வராத நாள் என்றாலும் முறை முறைதானே என்று எண்ணினார்.

நானா பிழைத்தார். கோலூன்றி நடந்தே ஊருக்குள் வந்தார். வானத்தை நோக்கித் துப்பாக்கி சுட்டார்கள், செம்மறி வெட்டினார்கள். அன்று இரவே பெடியாகோ 'மழை'யை அழித்திருக்க வேண்டும். அழிக்கவில்லை. என்றைக்காவது தேவைப்படும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அவ்வளவு நல்ல பேச்சை அழிக்க மனம் வரவில்லை என்பதுதான் உண்மை.

ஹர்மட்டான் என்ற வறண்ட புழுதிக் காற்று தொடங்கிய ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஃபோசுவா கறுப்பும் சிவப்புமான துணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தாள். சுன்யானியில் அவள் மாமியாரின் சாவுச் சடங்கு. திங்கட்கிழமைதான் திரும்புவாள்.

"மாமா, ஒரு விஷயம். பெட்டிக்குள்ள சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு பேட்டரி இருக்கு. கரண்டு இல்லாதப்பவும் தேதிய நெனப்பு வச்சுக்கறது அதுதான். அது செத்துப்போச்சு. இப்பல்லாம் கரண்டு போய் வந்தா பெட்டி தான் பொறந்த நாளுக்கே போயிடுது. நான்தான் ஒவ்வொரு தடவையும் கையால திருத்திட்டு வர்றேன். வரும்போது குமாசியில புதுசு வாங்கிட்டு வந்துடறேன்."

"பொறந்த நாளா? அதுக்கென்ன பொறந்த நாளு?"

"ரெண்டாயிரத்து எட்டு. ஜனவரி ஒன்னு."

பெடியாகோ கோலாக் கொட்டையைக் கடித்துக்கொண்டிருந்தார். மெல்லுவது நின்றது.

"அப்ப... அந்தப் பழைய தேதிக்கு ஏதாவது போட்டு வச்சிருந்தா?"

"பாடும். அதுக்கு என்ன தெரியும் பாவம்? குடுத்த நாள் வந்தா பாடும்." ஃபோசுவா வாய்விட்டுச் சிரித்தாள். "ஆனா எந்தப் பைத்தியக்காரன் மாமா ரெண்டாயிரத்து எட்டுக்கு அறிவிப்பு போடுவான்?"

பெடியாகோவும் சிரித்தார். அவர் சிரித்து அவள் பார்த்ததே அபூர்வம்.

"தேதி மாத்தற ரகசியச் சொல்ல எழுதித் தரட்டுமா?"

"கோல் புடிக்கற கைடீ இது. உன் பெட்டிக்குச் சாவி திருப்பறதுக்கா?"

"சரி, நாள் தப்பா இருந்தா இருந்துட்டுப் போவுது, வந்து பாத்துக்கறேன். ஆனா பெட்டிய மட்டும் யாரும் அணைக்க வேண்டாம். அணைச்சா ஒன்னு கேக்கும், இன்னிக்குச் செஞ்சத வச்சுக்கட்டுமான்னு. நான் ஆமான்னு சொல்லி வச்சது மட்டும்தான் அதுக்குள்ள நிக்கும். குசி கண்ண மூடிட்டு வேண்டாம்னு அமுக்குவான். போன மாசம் ஒரு நாள் வேலை பூரா அப்படித்தான் போச்சு. கரண்டு போனாலோ, கேக்கவே கேக்காது. அன்னிக்கு நடந்தது எதுவும் அதுக்கு நடக்கவே இல்ல."

பெடியாகோ தலையாட்டினார். அவர் மனம் இரண்டாயிரத்து எட்டிலேயே நின்றுவிட்டது. மற்றது எதுவும் உள்ளே போகவில்லை.

அவளை வண்டி ஏற்றிவிட்டு நிலையத்துக்கு வந்தார். உள்ளே போவதற்கு ஒரு சாக்கு வேண்டுமே என்று நினைத்தபோதே சாக்கு வாசலில் நின்றது. பனங்கள் இறக்கும் ஜாமெரா. சனிக்கிழமைதோறும் காலையில் அவனுடைய வெள்ளைக்கால் ஆடு காணவில்லை என்று வானொலி சொல்லும்.

"ஒச்சியாமே, ஆடு தானா வீட்டுக்கு வந்துடுச்சு. நம்ம ரேடியோவக் கேட்டுட்டுதான் வந்திருக்கும். இனிமே சொல்ல வேண்டாம்."

"நானே எடுத்துடறேன்."

"நீங்களேவா?" என்றான் ஜாமெரா வாய் பிளந்து. "என் ஆட்டுக்கு வந்த மரியாதையப் பாரு!"

குசி பக்கத்து அறையில் கெங்கி என்ற மக்காச்சோள உருண்டையும் மீனும் தின்றுகொண்டிருந்தான். பெடியாகோ ஆட்டை அழித்தார். அதன்பின் பட்டியலின் அடிக்குப் போய் 'மழை'யை அழித்தார். அழிக்கவா என்று பெட்டி கேட்டது. ஆம் என்றார். பெயர் மறைந்தது. அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தான் பேசிய மிக நல்ல பேச்சு போயிற்று. போகட்டும். வீடு தப்பியது.

அன்று மாலை செய்தி நேரத்தில் மின்சாரம் போயிற்று. வழக்கம்தான். ஊர் நிலா வெளிச்சத்தில் சாப்பிட்டுப் படுத்தது. நடு இரவில், எல்லோரும் தூங்கிய பிறகு, மின்சாரம் திரும்பியது.

புதன்கிழமை காலை பெட்டி தானே எழுந்து, ஃபோசுவாவின் பதிவுசெய்த குரலில், "இன்று செவ்வாய்க்கிழமை" என்று வணக்கம் சொன்னது. நடு இரவில் எழுந்ததால் மணி சரியாக இருந்தது. நாள்தான் ஒன்று பிந்தியிருந்தது. ஊர் சிரித்தது. மறுநாள் வியாழக்கிழமை, பூமித்தாய் ஓய்வெடுக்கும் நாள். அன்று மண்ணை எவரும் கொத்த மாட்டார்கள். பெட்டி "இன்று புதன்கிழமை, தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கு நல்ல உழைப்பு அமையட்டும்" என்றது. சிரிப்பு குறைந்தது. வழியில் கெங்கி விற்பவள் பெடியாகோவை நிறுத்தினாள்.

"ஒச்சியாமே, உங்க ரேடியோ பூமித்தாயோட சண்டைக்கா நிக்குது? நல்லதுக்கில்ல இது."

பெடியாகோ நிலையத்துக்குப் போனார். குசி தலையைச் சொறிந்தான்.

"எனக்கு அதுல கை வைக்கத் தெரியாது ஐயா. சுன்யானிக்கு ஃபோன் போட்டுக் கேக்கட்டுமா?"

"சாவு வீட்டுல இருக்கற பொண்ணுகிட்ட கெழமை கேக்கப் போறியா? வெட்கமா இல்ல? திங்கக்கிழமை வருவா. அதுவரைக்கும் நீயே வாயத் தொறந்து சரியான கெழமையச் சொல்லு."

"சொல்றேன் ஐயா. நான் சொன்ன மறு நிமிஷமே அது மாத்திச் சொல்லுதே."

ஃபோனில் கேட்டால் ஃபோசுவா சொல்லியிருப்பாள். ஆனால் ஏன் மாமா இவ்வளவு அவசரம் என்றும் கேட்டிருப்பாள். அந்தக் கேள்வியின் பக்கம் போக பெடியாகோ விரும்பவில்லை. எதற்குப் போக வேண்டும்? 'மழை' அழிந்துவிட்டது.

அந்தச் செவ்வாய் இரவுக்குப் பிறகு ஊரில் ஒரு அதிசயம் நடந்தது. மின்சாரம் போகவே இல்லை. வெள்ளிக்கிழமையும் போகவில்லை. குளிர்பெட்டிகளில் தண்ணீர் உறைந்தது. மதுக்கடையில் பீர் பல்லைக் கூச வைத்தது. "கரண்டு ஆபீஸ்ல எவனோ அணைக்க மறந்துட்டுத் தூங்கறான், யாரும் எழுப்பிடாதீங்கடா" என்று லாரி நிலையத்தில் கும்மாளம் போட்டார்கள். தையற்கடைக்காரன் இரண்டு சடங்குக்கு வேண்டிய துணியையும் தைத்து முடித்துவிட்டான்.

பெடியாகோவுக்கு மட்டும் அந்த வெளிச்சம் பிடிக்கவில்லை. கூடத்தில் எரியும் விளக்கை அண்ணாந்து அண்ணாந்து பார்த்தார். மின்சாரம் ஒருமுறை போய் வந்தால் பெட்டி மறுபடி ஒன்றாம் தேதிக்குப் போகும். போகாத வரையில் அது ஐந்தாம் தேதியை நோக்கி ஒவ்வொரு நாளாக நடந்துவருகிறது. நடக்கட்டுமே, அங்கே அதற்கு என்ன இருக்கிறது என்று தன்னையே அதட்டினார். சனிக்கிழமை மாலை நிலையத்தின் வாசல்வரைக்கும் போனார். உள்ளே போய்ப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம். வாசலில் நின்று யோசித்தார். தன் கையால் அழித்ததைத் திரும்பப் போய்ப் பார்ப்பது தன் கையையே சந்தேகிப்பது. அவர் வீட்டில் எவரும் சொன்ன சொல்லைத் திரும்பிப் பார்த்ததில்லை. திரும்பி நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அக்வசிடாயே. தலைவர் அரியணைக் கொலுவில் அமர்ந்து ஊரின் வணக்கத்தை ஏற்கும் பெருநாள். பெடியாகோ விடியும் முன்பே அரண்மனைக்குப் போய்விட்டார். முன்னோர் அரியணைகள் இருக்கும் இருட்டறையில் மது வார்ப்பும் படையலும் முடிந்து வெளியே வரும்போது வெயில் ஏறியிருந்தது. கைபேசியை வாசற்காரனிடம் கொடுத்துவிட்டார். கொலுவில் அது கூடாது. முற்றம் நிறைந்துவிட்டது. பெரிய குடைகள், முரசுகள், தங்க வாள் ஏந்தியவர்கள், கொம்பு ஊதுபவர்கள். நடுவில் நானா அம்பொன்சா, உடம்பு மெலிந்து, கண் மட்டும் கூர்மையாக. அவருடைய வலப்பக்கம் கோலுடன் பெடியாகோ. சபைக்கூடத்தின் மின்விசிறிகள் நிற்காமல் சுழன்றன. சமையற்கட்டிலிருந்து வானொலியில் பழைய ஹைலைஃப் பாட்டு மெலிதாக வந்தது.

வணக்கம் சொல்ல வந்தவர்களின் வரிசையில் ஜாமெரா ஒரு குடுவைக் கள்ளோடு வந்தான். செருப்பைக் கழற்றி, தோள் துணியை இறக்கி, குனிந்தான். நிமிரும்போது பெடியாகோவின் பக்கம் பல்லைக் காட்டிக் குரலைத் தாழ்த்தினான்.

"ஒச்சியாமே, நல்லா எடுத்தீங்க போங்க. காலையில மறுபடியும் என் ஆட்டக் காணோம்னு சொல்லுது உங்க ரேடியோ. ஆடே பக்கத்துல நின்னு கேட்டுட்டு இருக்கு. பாவம், தான் தொலைஞ்சுட்டோமோன்னு அதுக்கே சந்தேகம் வந்துடுச்சு."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பெடியாகோ சிரிக்கவில்லை.

ஆட்டையும் மழையையும் அவர் அடுத்தடுத்துத்தான் அழித்தார். ஒரே நாற்காலியில், ஒரே மதியத்தில். ஆடு திரும்பி வந்துவிட்டது.

அன்னிக்கு நடந்தது எதுவும் அதுக்கு நடக்கவே இல்ல. ஃபோசுவாவின் குரல் இப்போதுதான் அவருக்குள் முழுவதும் இறங்கியது. செவ்வாய் மாலை மின்சாரம் போனது. பெட்டி எதையும் கேட்காமல் செத்தது. அவருடைய செவ்வாய்க்கிழமை அதற்கு இல்லை. காலையில் ஆட்டைச் சொன்னது என்றால் பெட்டிக்கு இன்று சனிக்கிழமை. அதற்கு இன்று ஐந்தாம் தேதி.

குடைகளின் நிழல் கால்களுக்குக் கீழே சுருங்கிக் கிடந்தது. நண்பகல் நெருங்கிவிட்டது.

கோலைப் பிடித்தவன் கொலுவை விட்டு நகர முடியாது. ஆனால் ஆள் அனுப்பலாம். நிலையம் கூப்பிடு தூரம்தான். கொம்பு ஊதும் ஆட்களில் ஒருவனைக் கண்ணால் அழைத்து, ஓடிப் போய்ப் பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கச் சொல்லு என்று சொன்னால் போதும். அவன் ஏன் என்று கேட்க மாட்டான். ஆனால் குசி கேட்பான். நாளை ஃபோசுவா கேட்பாள். உள்ளே என்ன இருந்தது என்று திறந்து பார்ப்பார்கள். பார்த்தால் அவர் குரல் இருக்கும். ஐந்து தலைமுறை அந்த ஒரு மதியத்தில் முடியும்.

"ஒச்சியாமே." நானா மெதுவாகத் தலை திருப்பினார். "மொகம் வேர்க்குது. என்ன?"

இதுதான் கடைசி வாய்ப்பு என்று அவருக்குத் தெரிந்தது. இந்தக் காதில் ஒரு வார்த்தை போட்டால் போதும். நானா கோபிப்பார். தண்டனையாகச் செம்மறி கேட்பார், நீளமாகத் திட்டுவார். ஆனால் இருவருக்குள் முடிந்துபோகும்.

"ஒன்னுமில்ல நானா. வெயிலு."

பின்னால் இருந்தவனைப் பார்த்து, "சமையக்கட்டுல அந்த ரேடியோவ நிறுத்தச் சொல்லு. கொலு நேரத்துல என்ன பாட்டு?" என்றார். பாட்டு அறுந்தது. சபையில் அமைதி வந்தது. ஜாமெரா தப்பாகக் கேட்டிருக்கலாம். கள் இறக்குகிறவன், காலையிலேயே குடித்திருப்பான். பெடியாகோ கோலை இறுகப் பிடித்து நிமிர்ந்து நின்றார்.

அந்த அமைதிதான் அவரைக் காட்டிக்கொடுத்தது.

முதலில் அரண்மனைக்கு எதிரே உள்ள சோற்றுக்கடையிலிருந்து வந்தது. சாவுச் செய்திக்கு முன் அடிக்கும் முரசு. பின்பு அவருடைய குரல். 'பெருமரம் சாய்ந்தது.' லாரி நிலையத்து ஒலிபெருக்கி அதை வாங்கித் தந்தது. தையற்கடையிலிருந்து வந்தது. மதுக்கடையிலிருந்து வந்தது. மின்சாரம் குறையாத ஊரில், எந்த வீட்டிலும் வானொலி அணையவில்லை. எல்லாத் தெருவிலிருந்தும் ஒரே குரல், ஒரே நிதானத்தில், சுவர்களைத் தாண்டி முற்றத்துக்குள் இறங்கியது. 'அசுவென்டியாவின் நிழல், கிணறு வெட்டியவர், நானா அம்பொன்சா ஊருக்குப் போயிருக்கிறார்.' யாரும் அசையவில்லை. முரசு அடிப்பவனின் கோல் பாதி வழியில் நின்றது. அவர் குரல் முன்னோர்களை ஒவ்வொருவராக அழைத்தது. ஒருவரையும் விடவில்லை. வெளியே தெருவில் ஒரு பெண் தலையில் கை வைத்துக் கதறத் தொடங்கினாள். அவளைத் தொடர்ந்து இன்னொருத்தி.

குரல் முடிந்தது. சபை முழுவதும் பெடியாகோவைப் பார்த்தது. அதன்பின், பார்க்கக் கூடாததைப் பார்க்கிறவர்கள் போல, மெதுவாக நானாவைப் பார்த்தது.

நானா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவற்றைத் திருப்பிப் பார்த்தார். தன்னுடையவைதானா என்று சரிபார்க்கிறவர் போல.

"ஒச்சியாமே."

"நானா."

"எப்ப பேசி வச்சே?"

"நானா ஆஸ்பத்திரியில இருந்தப்ப."

"நல்லாப் பேசியிருக்க. எங்க பாட்டன் பேரக்கூட விடல." நானா மூச்சு வாங்கினார். அவர் குரல் பெடியாகோவைத் தவிர வேறு எவருக்கும் எட்டவில்லை. "ஊருக்குச் சொல்லு. நான் இருக்கேன்னு சொல்லு. என்னச் சாகடிச்ச இந்தக் குரல் இனிமே எனக்காகப் பேசாதுன்னு சொல்லு. அந்த வீட்டுலருந்து எந்தக் குரலும் பேசாதுன்னு சொல்லு. எனக்குப் பின்னால வர்றவனுக்காகவும்."

நானா சொன்னதை வேறு யாரும் கேட்கவில்லை. ஒரு சொல்லை மாற்றினால் போதும். கடைசி வாக்கியத்தை விழுங்கினால் போதும். மருமகன்களுக்காவது கோல் மிஞ்சும். சபை காத்துக்கொண்டிருந்தது.

அவர் கோலைத் தூக்கினார். அவருக்கு முன் கோல் பிடித்த நால்வரில் எவரும் தலைவரின் சொல்லைக் கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை. வீட்டில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

"ஊரே, கேளுங்கள்," என்று தொடங்கினார். வானொலியில் வந்த அதே குரல், அதே நிதானம். நானா இருக்கிறார் என்றார். முற்றம் பெருமூச்சு விட்டது. பின்பு மீதியையும் சொன்னார். எந்த வீடு என்று பெயரையும் சொன்னார். எந்தச் சொல்லும் குறையவில்லை. குரல் ஓரிடத்திலும் உடையவில்லை. முடித்து, கோலை நானாவின் காலடியில் கிடத்தி, செருப்பை வாசலிலேயே விட்டு, வெறும் காலோடு வெளியே நடந்தார்.

அவர் தெருவின் பாதியைக் கடந்தபோது, தையற்கடையின் எந்திரம் இரைச்சல் அடங்கி நின்றது. சோற்றுக்கடையின் வானொலி ஊமையானது. "போச்சுடா!" என்று லாரி நிலையத்தில் எவனோ கத்தினான். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக மின்சாரம் போயிருந்தது.

பெடியாகோ நின்றார். இப்போது பெட்டி எதையும் கேட்காமல் செத்திருக்கும். வெளிச்சம் வரும்போது அதற்கு மறுபடி செவ்வாய்க்கிழமை. இன்று நடந்தது எதுவும் அதற்கு நடந்திருக்காது. ஆடு தொலைந்திருக்கும். மழை உள்ளே காத்திருக்கும். யாராவது உடனே போய் அதை எடுத்துவிட வேண்டும், எடுத்தபின் அணைக்கும்போது பெட்டி கேட்டால் ஆம் என்று சொல்ல வேண்டும். மறந்துவிடாமல் சொல்ல வேண்டும்.

எதிரே கெங்கி விற்பவள் கூடையோடு வந்துகொண்டிருந்தாள். அவர் வாயைத் திறந்தார். அவருடைய குரல் எழும்பும் முன்பே அவள் கூடையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, தெருவின் அடுத்த பக்கம் போய்விட்டாள்.